ஒட்டகச்சிவிங்கி மார்க் கடிகாரம்

போன் அலறியது.

கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே போனை எடுத்தான் கடிகார மெக்கானிக். மறுமுனையில் மனைவி. குரலில் அழுகை.

"எங்க இருக்கீங்க?"

"கடையிலதான். ஒரு லேடீஸ் வாட்ச்சோட குடலை உருவிட்டு இருக்கேன்."

"அதை அப்படியே மூடி வெச்சுட்டு எங்கயாவது ஓடிடுங்க... அப்பா போலீஸ்ல உங்க பேரைக் குடுத்துட்டாரு!"

பூதக்கண்ணாடி நழுவி மேஜையில் விழுந்தது.

"எதுக்கு?"

"அவர் கடைச் சுவத்துல இருந்த கடிகாரத்தைக் காணோம். நீங்கதான் எடுத்தீங்கங்கறாரு."

ஓடலாமா, வேண்டாமா...

அவன் யோசித்து முடிப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

போலீஸ் ஸ்டேஷனில் மாமனார் அவனுக்கு முன்பே வந்து, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நல்ல நாற்காலியைப் பிடித்திருந்தார். பக்கத்தில் மாமியார். மடியில் கைப்பை. மெக்கானிக்குக் கிடைத்தது ஒரு கால் ஆடுகிற ஸ்டூல்.

எதிரே இன்ஸ்பெக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. ஆறிப்போன டீயைக் குடிப்பதா, கொட்டுவதா என்ற யோசனையில் இருந்தார்.

காணாமல் போனது சாதாரணக் கடிகாரம் இல்லை. மாமனார் வைத்திருப்பது மூக்குப்பொடிக் கடை. ஏதோ ஒரு காலத்தில் ஒரு பொடிக் கம்பெனி தன் விளம்பரத்துக்காகவே செய்து, கடைகளுக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரம் அது. வட்டமான மரச்சட்டம். மேல் வளைவில் தங்க எழுத்தில் 'ஒட்டகச்சிவிங்கி மார்க் மூக்குப்பொடி'. கீழ் வளைவில் 'மணிக்கொரு சிட்டிகை'. கம்பெனி எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. ஒட்டகச்சிவிங்கி மட்டும் டயலுக்கு நடுவே கழுத்தை நீட்டியபடி நின்றிருந்தது... நேற்று மதியம் வரை.

"பூட்டு உடையலை மேடம். ஆணி அசையலை. சுவத்துல ஒரு பொட்டு காரை பேர்ந்து விழலை," என்றார் மாமனார். "தொழில் தெரிஞ்ச கை. அதுக்கு எண்ணெய் போட எப்பவும் இவர்தான் ஏறுவாரு."

"வேற யாருக்கும் அதை இறக்கத் தெரியாதா?"

பழம்பொருள் வியாபாரி ஒருவன் இருக்கிறான் என்று மாமனார் ஒப்புக்கொண்டார். ஆனால் அவன் மீது சந்தேகமே இல்லையாம். கடைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடிகாரத்தைக் கரித்துக் கொட்டுவானாம். பெயின்ட் உரிந்திருக்கிறது, பொடி வாசம் போகாது, ஒட்டகச்சிவிங்கி ஆடு மாதிரி இருக்கிறது... சும்மா கொடுத்தால்கூட வாங்க மாட்டானாம்.

இன்ஸ்பெக்டரின் புருவம் லேசாக உயர்ந்தது. அந்த வியாபாரியை அழைத்து வரச் சொல்லி கான்ஸ்டபிளை அனுப்பிவிட்டு, மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் எடுக்கலை மேடம். போலீஸ் கேஸ்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் யார் என்னை நம்பி வாட்ச்சைக் கழட்டிக் குடுப்பாங்க? என் பொழப்பே போயிடும்."

அதுவரை வாயே திறக்காத மாமியார் திறந்தார்.

"மாப்பிள்ளை எடுத்திருக்க மாட்டாரு."

"எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா? அவ்வளவு சாமர்த்தியம் இவருக்கு ஏது?"

சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று மெக்கானிக்குப் புரியவில்லை. ஸ்டூல் ஆடியது.

வியாபாரி வந்தான். பளபளக்கும் ஷூ. வாய் நிறையச் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் எதுவும் விளக்காமல், புகாரோடு மாமனார் கொடுத்திருந்த போட்டோவை நீட்டினார்.

"இந்தக் கடிகாரம் எப்படி? உங்க அபிப்பிராயம் வேணும்."

வியாபாரியின் முகம் மலர்ந்தது.

"அருமையான பீஸ் மேடம்! தங்க எழுத்துல ஒண்ணுகூட மங்கலை பாருங்க. அந்த ஒட்டகச்சிவிங்கியோட கழுத்தைப் பாருங்க... என்ன ஒரு கம்பீரம்! உலகத்துல எங்க தேடினாலும் இன்னொண்ணு கிடைக்காது."

இன்ஸ்பெக்டர் டீ கிளாஸை நகர்த்திவிட்டு நிமிர்ந்தார்.

"கடிகாரத்தை எங்க வெச்சிருக்கீங்க?"

சிரிப்பு அப்படியே உறைந்தது.

"மே... மேடம்?"

"போன வருஷம் எங்க வீட்டுத் தேக்குக் கட்டிலை விக்க உங்களை மாதிரி ஒருத்தரைக் கூப்பிட்டேன். கால் கோணல், பலகை விரிசல்னு அவர் சொன்னதைக் கேட்டு, இதுலயா இத்தனை நாள் படுத்தோம்னு எனக்கே பயம் வந்துடுச்சு. அடுத்த வாரம் அவர் கடைக்குப் போனா, அதே கட்டில் அரண்மனைக் கட்டிலாயிருக்கு. வாங்கற வரைக்கும் திட்டுவீங்க, கைக்கு வந்தப்புறம் கொஞ்சுவீங்க. இத்தனை நாள் திட்டின கடிகாரத்தை இன்னிக்குக் கொஞ்சறீங்கன்னா, அது உங்ககிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம்."

மெக்கானிக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஸ்டூலை நினைத்து அடக்கிக்கொண்டான்.

மாமனார் துள்ளி எழுந்தார். "உள்ள தள்ளுங்க மேடம் இவனை!"

"ஐயோ, நான் திருடலைங்க," வியாபாரி பதறினான். "காசு குடுத்து வாங்கினேன்."

"யார்கிட்ட?"

 வியாபாரியின் கண்கள், அனுமதி கேட்பது போல மெல்ல நகர்ந்தன. இன்ஸ்பெக்டரைத் தாண்டி... மாமனாரைத் தாண்டி... மடியில் இருந்த கைப்பையில் போய் நின்றன.

மாமியார் பெருமூச்சு விட்டார்.

"நான்தான் வித்தேன்."

எழுந்து நின்ற மாமனார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மதியம் இவர் வீட்டுல தூங்கும்போது சாவியை எடுத்துட்டுப் போய் நானே கடையைத் திறந்துவிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இந்தத் தம்பிகிட்ட சத்தியம் வாங்கினேன். வேற என்ன பண்றது? பொடியை விடலைன்னா மூக்கே போயிடும்னு டாக்டர் தலையில அடிச்சுக்கறாரு. இவர் என்னடான்னா கடிகாரத்துல எழுதியிருக்கறதைக் காட்டுறாரு. அதுல மணிக்கொரு சிட்டிகைதான் போட்டிருக்கு. இவர் எத்தனை மணி அடிக்குதோ அத்தனை சிட்டிகை போடறாரு. பன்னெண்டு மணி ஆனா பன்னெண்டு சிட்டிகை மேடம்!"

"அப்ப என்னை ஏன் மாட்ட விட்டீங்க?" என்றான் மெக்கானிக்.

"உங்களை லாக்கப் பக்கம் கூட்டிட்டுப் போனா உண்மையைச் சொல்லிடலாம்னுதானே மாப்பிள்ளை கூடவே வந்து உக்காந்திருக்கேன்?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமனாரின் புகாரை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"சரி சார். புகாருக்கு ஒரு முடிவு வேணுமில்ல? மாப்பிள்ளை பேரை அடிச்சுட்டு உங்க வீட்டம்மா பேரைப் போட்டுடவா?"

மாமனார் மனைவியைப் பார்த்தார். மாமியாரும் அவரைப் பார்த்தார். நிதானமாக... கண் இமைக்காமல்.

மாமனார் சட்டென்று இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை பேரே இருக்கட்டும் மேடம். நான் இவகூடத்தானே வீட்டுக்குப் போயாகணும்!"