பனிச்சுவரின் எழுத்துகள்

என்செலடஸில் நானூறு பேரும் கண்விழிக்கும்போது, சுவர்கள் புது எழுத்து உடுத்தியிருக்கும். வெள்ளைப் பனிக்கு நடுவே வாழ்பவர்களுக்குப் புத்தி பேதலிக்காமலிருக்க மருத்துவக் குழு செய்த ஏற்பாடு அது. சனியின் அந்தச் சின்ன நிலவில் சுரங்க வீடுகளின் சுவரெல்லாம் தோல்போல் ஒட்டிய மின்திரை. அதற்கென்றே அமர்த்திய எழுத்துக் கலைஞர் குயிலி தன் மென்பொருளில் எழுத்தைக் கொழுக்கவைத்து, வளைத்து, விளிம்பு கட்டி, நிழல் போட்டு, சாயம் வழிவதுபோல் வால் இழுத்து அனுப்புவாள். பூமியின் பழைய நகரங்களில் தெருச் சுவர்களை நிறைத்த அதே கிராஃபிட்டிதான்.

அன்று ‘சாம்பார் நாள்’ என்பதை அவள் ஊதா நிறத்தில் வீங்கவைத்துக்கொண்டிருந்தபோது, குடியிருப்பின் ஆணையர் ஜெபராஜ் அழைத்தார்.

“பனியைத் துளைச்சப்போ ஒரு சுவர் வந்திருக்கு. உடனே வாம்மா.”

போய்ப் பார்த்தவள் மூச்சுவிட மறந்தாள். தலைக்கவசம் எச்சரித்த பிறகுதான் விட்டாள். விளக்கொளி எட்டும் வரை கரும்பாறை. அதில் மனிதக் கை எழுதாத எழுத்துகள், ஒவ்வொன்றும் கோபுர உயரம். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, அலை அலையாய்ச் சுருண்டு கிடந்தன. வயது இருபது லட்சம் ஆண்டு என்றார்கள்.

“மொழியறி எந்திரம் ‘விலகிப் போங்கள்’னு படிக்குது,” என்றார் ஜெபராஜ். “கப்பலுக்குச் சொல்லியாச்சு. பத்து நாள்ல எல்லாரும் பூமிக்குக் கிளம்பணும்.”

“என் மக இங்க பிறந்தவ சார். பூமியோட கனத்தை அவ எலும்பு தாங்காது.”

“அவளை மாதிரி பதினோரு புள்ளைங்க இருக்கு. அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஒருதடவை பாத்துச் சொல்லு.”

குயிலி சுவரை முழுக்கப் படமெடுத்து மென்பொருளில் ஏற்றினாள். வால்களை நீக்கினாள். நிழலை உரித்தாள். விளிம்பைக் கழற்றினாள். ஐந்தாம் நாள் எழுத்தின் எலும்பு மட்டும் திரையில் நின்றது. ஜெபராஜை இழுத்துவந்து காட்டினாள்.

“எச்சரிக்கைன்னா ஒரே சேதி திரும்பத் திரும்ப வரணும் சார். இங்க ஒவ்வொண்ணும் வேற வேற கை. முன்னாடி எழுதினதை மறைச்சு, அதைவிடப் பெரிசா எழுதியிருக்காங்க. எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு குறி. நடுவுல மட்டும் இந்தச் சின்னச் சுழி, அது மாறவே இல்ல.”

“அப்படின்னா?”

“பேருங்க சார். ஜோடி ஜோடியா. வந்தவங்கல்லாம் பேரை எழுதிட்டுப் போயிருக்காங்க.”

ஜெபராஜ் எந்திரத்துக்கு அந்தக் கோணத்தைச் சொல்லி மறுபடி படிக்கவைத்தார். அதுவும் ஒப்புக்கொண்டது. கப்பல் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டது. குயிலியின் மகள் அன்று கூரைக்கும் தரைக்குமாய்த் துள்ளிக் குதித்தாள்.

மறுநாளே ஆணை வந்தது: ‘இச்சுவர் அண்டத்தின் பொதுச்சொத்து. விரல் வைத்தாலும் தண்டனை.’ கீழே ஜெபராஜின் கையொப்பம்.

விட்டுப்போன ஒரு மூலையைப் படமெடுக்கக் குயிலி மீண்டும் போனாள். அங்கே பாறையில் தூள் பறக்கப் புதுக் கீறல்: ‘ஜெபராஜ் – அமலி’. நடுவில் அம்பு துளைத்த இதயம். பக்கத்தில் உளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி ஆணையர் நின்றார்.

குயிலி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“‘ஜெ’ ரொம்ப ஒல்லியா இருக்கு சார். உளியை இப்படிக் குடுங்க.”