மறுமுனையைப் பிடிக்க ஒரு கை

டீயைக் கொண்டுவந்து வைத்தவளை மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"லாட்ஜ் துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டு, சாயங்காலமே உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு. என் இரட்டைவடச் சங்கிலி எங்க போச்சோ, நீயும் அங்கயே போய் இரு."

மூத்த மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தான். வீட்டில் சண்டை வந்தாலே அவனுக்குச் செருப்பு காணாமல் போய்விடும்.

"திருடன் வந்தானாம்... பைக்குல வந்தானாம்... அறுத்துக்கிட்டுப் போனானாம். உங்க அண்ணனுக்குக் கடை வைக்கப் பணம் வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே. எதுக்கு இந்த நாடகம்?"

அந்த நாடகத்தில் பொய் ஒன்றே ஒன்றுதான். சங்கிலி பறிபோனது நிஜம். ஆனால் பறிபோனது இவள் கழுத்திலிருந்து இல்லை. மாமியாரின் பீரோவிலிருந்து சொல்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு சிநேகிதி கல்யாணத்துக்குக் கிளம்பியவள் இளைய மருமகள். மூத்தவள் வெறுமனே துணைக்குப் போனவள். தெருமுனையில் பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு பறந்ததும், இளையவள் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைத் துரத்திடுவாங்கக்கா... எனக்குப் போறதுக்கு அம்மா வீடுகூட இல்லையே."

"நான்தான் போட்டிருந்தேன்னு சொல்லிக்கிறேன். எழுந்திரு."

திட்டு விழும், பிறகு அடங்கிவிடும் என்றுதான் நினைத்தாள். திருடிப் பட்டம் கிடைக்கும் என்று யார் கண்டது?

லாட்ஜ் பெட்ஷீட்களை வெளுத்துக் கொடுப்பது அந்த வீட்டுத் தொழில். ஈர பெட்ஷீட்டைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். முன்பெல்லாம் மறுமுனையில் மாமியார்தான் நிற்பார். கூடை காலியாவதற்குள் தெருவில் உள்ள அத்தனை பேர் கதையும் அலசிப் பிழியப்பட்டுவிடும். சங்கிலி போனதிலிருந்து அவர் அந்த முனையைத் தொடவில்லை. இளையவளையும் தொட விடவில்லை. அதனால் இவள் எதிர்ப்பக்க விளக்குக் கம்பத்தில் ஒரு முனையை முடிந்துவிட்டு, சந்துக்கு இந்தப் பக்கம் தன் வாசலில் நின்று தனியாக முறுக்கினாள். சந்து அவ்வளவு குறுகல். யாராவது வந்தால் துணியைத் தரையோடு தாழ்த்தி வழிவிடுவாள்.

அன்றும் அப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீரைத் துடைக்கவும் கை ஒழியவில்லை. கடைக்குப் போன மாமியார் சந்துக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு பைக் சத்தம். பழக்கத்தில் இவள் கை தானாகத் தாழ்ந்தது.

"ஐயோ, என் சங்கிலி... பிடிங்க, பிடிங்க!"

மாமியார் கழுத்தில் மிச்சமிருந்த ஒற்றைச் சங்கிலியும் போயிற்று. அவர் சுவரோரம் சாய்ந்து விழுந்தார். பைக் நேராக இவளை நோக்கிச் சீறி வந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. கீழே தாழ்த்தியிருந்த முறுக்கிய துணியை வெடுக்கென்று உயர்த்தி, வாசல் கேட்டின் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி இழுத்துப் பிடித்தாள். ஈரத்துணி கயிறு போலச் சந்தின் குறுக்கே விறைத்து நின்றது. பைக்கின் ஹேண்டில் அதில் வந்து மோதியது. வண்டி ஒரு பக்கம் சரிய, ஆட்கள் இன்னொரு பக்கம் விழுந்தார்கள். எழுந்திருப்பதற்குள் கூடையிலிருந்த ஈர பெட்ஷீட்களை அள்ளி அவர்கள் தலையில் போட்டாள். நனைந்த துணியின் கனம் இவளுக்குத் தெரியும். அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எதிர்வீட்டு டெய்லர் ஓடிவந்து ஒருவன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

இளையவள் துடைப்பத்தோடு பாய்ந்து வந்தாள். பைக் டாங்கில் ஒட்டியிருந்த மஞ்சள் கழுகைப் பார்த்ததும் அவளுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"இதே வண்டிதான்! பாவிங்களா, இவனுங்கதான் அன்னைக்கு என் கழுத்துலேருந்து அறுத்தானுங்க..."

மாமியார் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"உன் கழுத்துலேருந்தா?"

துடைப்பம் கீழே விழுந்தது. இளையவள் மாமியாரின் காலடியில் உட்கார்ந்து, அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாமியார் அவளை எழுப்பி நிறுத்திவிட்டு மூத்தவளிடம்தான் போனார்.

"ஏன்டி... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா இவளை அனுப்பியிருப்பீங்க, அத்தை. எனக்காவது போறதுக்கு அண்ணன் வீடு இருக்கு."

மாமியார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் வந்து, இரட்டைவடத்தையும் விசாரிப்பதாகச் சொல்லி, அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. டெய்லர் அவர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த ஒற்றைச் சங்கிலி பத்திரமாகத் திரும்பி வந்தது. அப்போதுதான் புருஷன் அரக்கப்பரக்க வாசலுக்கு வந்தான்.

"செருப்பு கிடைச்சுதாடா?" என்றார் மாமியார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சேறான பெட்ஷீட்களை மருமகள்கள் இருவரும் மறுபடி அலசினார்கள். மூத்தவள் ஒன்றை எடுத்துக்கொண்டு பழையபடி கம்பத்துக்குப் போனாள். அங்கே மாமியார் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தை மறைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"குடு அதை."

அவள் கொடுக்கவில்லை. "சாயங்காலம் கிளம்பச் சொன்னீங்களே, அத்தை."

"கிளம்பத்தான் போறோம். நானும் வரேன். உன் அண்ணன்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கணும்." தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் எனக்குத் தெரியலை, தாயே..."

ஈரத் துணியோடு அவரைக் கட்டிக்கொண்டாள். இருவரின் புடவையும் தொப்பலாக நனைந்தது. அழுது முடித்தபின் மாமியார் மறுமுனையை வாங்கி, அடுத்த வீட்டுக்காரி இன்று ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று ஆரம்பித்தார். மூத்தவள் சிரித்துக்கொண்டே முறுக்கத் தொடங்கினாள்.