விருந்தாளிக்கே எல்லாப் பந்தும்

கோலார் தங்க வயலில், சுரங்க மண் மலைபோல் குவிந்த சயனைட் மேட்டுக்குக் கீழே ஒரு மைதானம். மைதானம் ஒன்று, அதற்குச் சண்டை போடும் லைன்கள், அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள், இரண்டு. அதனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மேல் லைனுக்கும் கீழ் லைனுக்கும் கால்பந்துப் போட்டி வைப்பார்கள். ஜெயித்தவர்களுக்குப் பள்ளி திறக்கும்வரை மைதானத்தில் மாலை நேரம். தோற்றவர்களுக்கு உச்சி வெயில். போன வருடம் கீழ் லைன் பிள்ளைகள் கருவாடாய்க் காய்ந்தார்கள்.

"இந்த தபா விடக்கூடாது" என்றாள் ரெபேக்கா. கீழ் லைனின் ஃபார்வர்டு அவள்தான். ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறாள், ஆனால் சந்தேகம் என்பதே அவளுக்குக் கிடையாது.

அந்த நேரம் பார்த்து லூயிசா ஆன்ட்டி வீட்டுக்குக் கனடாவிலிருந்து விருந்தாளி வந்தாள். ஆன்ட்டியின் தங்கை மகள் எலைன். அங்கே ஒரு கிளப்பில் ஃபார்வர்டு! பனியில் பந்து உதைத்துப் பழகியவள். முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வெகுநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மறுபடி அணிக்குள் வந்தவள்.

கேப்டன் மேக்ஸ்வெல்லுக்குத் தலைகால் புரியவில்லை.

"ரெபேக்கா, நீ பின்னாடி போ. எலைன் அக்காதான் ஃபார்வர்டு."

"அது என் இடம்!"

"வந்த விருந்தாளியைப் பின்னாடி நிக்க வெப்பாங்களா? இன்னா பேசறே நீ!"

ரெபேக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மாலை நேரம் வேண்டுமே! பின்னால் போய் நின்றாள்.

மேல் லைன் கேப்டன் ரூபேஷ் சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "தாராளமா ஆடட்டும்!"

ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஊரில் விருந்தாளியின் தட்டில் பிரியாணி தீரவே விடமாட்டார்கள். பந்து விஷயத்திலும் அதே கதைதான். நாகேஷ் கோலுக்கு எதிரே தனியாக நின்றான். அப்படியே உதைத்திருந்தால் கோல். அவனோ திரும்பி எலைனிடம் தள்ளினான்.

"நீயே அடிப்பா!" என்று கத்தினாள் எலைன்.

"பரவால்லக்கா, நீங்க அடிங்க!"

சின்னப் பிள்ளைகளை இடித்துவிடக் கூடாதே என்று எலைன் மெதுவாக ஆடினாள். மேல் லைன் பையன்கள் நான்கு பேர் அட்டையாய் ஒட்டிக்கொண்டு பந்தைப் பறித்தார்கள். இடைவேளைக்குள் மேல் லைன் ஒரு கோல் போட்டுவிட்டது.

"அக்காவுக்கு இன்னும் நிறைய பந்து கொடுக்கணும்" என்றான் மேக்ஸ்வெல்.

"கொடுத்தே கெடுத்தீங்க!" என்றாள் ரெபேக்கா. பின்னால் நின்றதில் அவளுக்கு மைதானம் முழுக்கத் தெரிந்திருந்தது. "கனடா ஃபார்வர்டுகிட்ட பந்தைப் பறிச்சேன்னு ஸ்கூல்ல பீத்திக்கணும் அவனுங்களுக்கு. எல்லாரும் அக்காவையே சுத்திகினு இருக்கானுங்க. கோல்கிட்ட ஆளே இல்ல!"

பிறகு எலைனிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க ஓரமா ஓடுங்க. பந்து வராது. ஆனா வர்ற மாதிரியே ஓடணும்."

"விருந்தாளியைச் சும்மா ஓட விடறதா? லூயிசா ஆன்ட்டி என்னை உரிச்சிடுவாங்க!" என்று அலறினான் மேக்ஸ்வெல்.

எலைன் விழுந்து விழுந்து சிரித்தாள். "கிளப்புலயும் பாதி நாள் எனக்கு இதே வேலைதான். நான் ஆளுங்களை இழுத்துகினு ஓடுவேன், வேற யாராவது கோல் போடுவாங்க. மொதல்ல அழுகையா வந்துச்சு."

அம்மாவிடம் கற்ற அசல் தங்கவயல் தமிழ்!

"இன்னிக்கு அழுவாதீங்கக்கா" என்றாள் ரெபேக்கா.

"அப்ப கோல் போடறது யாரு?" என்றான் மேக்ஸ்வெல்.

"வேற யாரு? நான்தான்!"

மறுபாதி தொடங்கியது. "இங்கே! இங்கே!" என்று கத்திக்கொண்டே எலைன் ஓரமாக ஓடினாள். நான்கு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். நாகேஷின் கால் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கமே திரும்பியது.

"நாகேஷ், அக்காவுக்கு வயிறு ரொம்பிப்போச்சு! எனக்குக் கொடு!"

கொடுத்தான். சரளைக் கல்லில் பந்து எப்படித் துள்ளும் என்று ரெபேக்காவுக்கா தெரியாது? ஒரே உதை. கோல்!

"அந்தப் பொண்ணைப் பிடிங்கடா!" என்று ரூபேஷ் கத்தினான். அட்டைகள் நான்கும் ரெபேக்காவிடம் தாவின. பந்து அவள் காலில். முட்டி மோதினால் இன்னொரு கோல் போடலாம். நிமிர்ந்து பார்த்தாள். எலைனைச் சுற்றி ஒரு ஆளும் இல்லை.

"அக்கா, இது விருந்து இல்ல! நெஜமாவே உங்க பந்து!"

எலைன் அடித்த வேகத்தில் கோல்கம்பமாக நட்டிருந்த மூங்கிலே ஆடியது. இரண்டாவது கோல்! கனடாக்காரி பிள்ளைகளோடு சேர்ந்து மண்ணில் புரண்டு குதித்தாள். கீழ் லைனுக்கு மாலை நேரம் கிடைத்துவிட்டது.

மேக்ஸ்வெல் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "அக்கா, அடுத்த வருஷம் வந்தா உங்களை எங்க நிக்க வெக்கறது?"

எலைன் ரெபேக்காவின் தோளில் கை போட்டாள்.

"என்னை ஏம்பா கேக்கறே? எங்க ஃபார்வர்டைக் கேளு."