தைத்த இமை

முப்பத்தாறாம் ஆண்டு மாரி. கனிசியஸ் அன்று பின்னேரம் அரியாலை வெளிக்கு அப்பாலிருந்த மழைக்குளத்துக்கு வந்தது நத்தை பொறுக்கத்தான். மகள் ஸ்ரெல்லாவின் இடக்கண் சிவந்து நீர் வடிந்தது. நத்தையை உடைத்து அதன் நீரைக் கண்ணில் விட்டால் குளிர்ச்சி என்று அவன் வீட்டில் காலங்காலமாகச் செய்துவந்த கைமருந்து அது.

குளக்கரையோரம் முளையில் கட்டிய தாரா வாத்து ஒன்று அசையாமல் மிதந்தது. வானத்தில் போகும் காட்டுத் தாராக்கள் அதை நம்பிக் கீழே இறங்கும். உடனே வலை விழும்; அதுதான் அவன் பிழைப்பு. அது மிரளாமல் இருக்க, இரண்டு இமைகளையும் வலை நூலால் தைத்துவிட்டிருந்தான் கனிசியஸ். பாவம்தான், அவனுக்கும் தெரியும். கோழி அறுத்தாலே அழுகிற மகளிடம் இதை எந்த முகத்தோடு சொல்வான்? வீட்டில் மூச்சு விடவில்லை.

தாராவைச் சுற்றித்தான் நத்தைகள் மண்டிக் கிடந்தன. வேறிடம் தேடப் பஞ்சிப்பட்டு அங்கேயே பொறுக்கினான். அவன் கரையோரம் நகர நகர, தைத்த முகமும் அவனோடு கூடவே திரும்பியது.

சத்தமே இல்லை. சேற்று நாற்றம் மட்டும்.

நத்தை நீர் விட்ட சில கிழமைகளில் கண் வீங்கிவிட்டது. உள்ளே ஏதோ நடக்கிறது என்று ஸ்ரெல்லா அழுதாள். தாய் பெர்னடெட் இமையை நீக்கிப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

வெள்ளை விழியில் ஏதோ ஊர்ந்தது.

ஆஸ்பத்திரி அப்போதிக்கரி செபநாயகம் அதைச் சாமணத்தால் பிடித்தெடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அது சுருங்கி விரிந்தது.

“இது தண்ணிப் பறவையளின்ரை கண்ணிலை இருக்கிற புழு. அதின்ரை குஞ்சு நத்தைக்குள்ளை வளரும். நத்தைத் தண்ணியோடை அந்தக் குஞ்சையும் நீரேதான் பிள்ளையின்ரை கண்ணிலை விட்டிருக்கிறீர்.”

பார்வை போகாது, ஆனால் கண் அசையக்கூடாது என்று இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

பொழுது சாயுமுன் கனிசியஸ் குளத்துக்கு ஓடினான். தாரா செத்து மிதந்தது. தையலைப் பிரித்தான். உள்ளே கண் இல்லை. புழுக்கள்தான் இருந்தன.

இமை தைத்த ஊசியைச் சட்டை மடிப்பிலிருந்து எடுத்துத் தாராவோடு சேர்த்துச் சேற்றில் ஆழப் புதைத்தான். இனி இந்தத் தொழில் வேண்டாம் என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் லாம்பு எரிந்தது. கட்டிய கண்களோடு ஸ்ரெல்லா பாயில் இருந்தாள். பிள்ளை பயப்படக்கூடாதென்று அவன் சுவரோரமாக மெல்ல நடந்தான்.

அவள் முகம் அவனோடு கூடவே திரும்பியது.

அவன் நின்றான். முகமும் நின்றது.

சேற்று நாற்றம் அடித்தது.

“அப்பு,” என்றாள் அவள், மெதுவாக. “ஊசியை வெளியிலை போட்டிட்டுக் கிட்ட வாங்கோ.”

அதைத்தான் புதைத்துவிட்டானே. ஆனாலும் கை தானாகவே சட்டை மடிப்பைத் தடவியது.

விரலில் சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தான். ஊசியில் ஈரம் காயாத சேறு. அதன் காதில் புதிதாகக் கோத்த நூல்.