பச்சைச் சொட்டு

போன் அலறியபோது மெக்கானிக் டீசல் பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான்.

இன்ஸ்பெக்டர்.

"உங்க அப்பா கேஸ் விஷயமாத்தான். அவர் அடிபட்டுக் கிடந்த இடத்துல ஆயில் சொட்டியிருந்துச்சில்ல? லேப்ல ஊதா லைட் அடிச்சா பச்சையா மின்னுதாம். நீ மெக்கானிக்காச்சே... என்னய்யா இது?"



மெக்கானிக் கையிலும் ஓர் ஊதா விளக்கு இருந்தது. அவன் மூக்குக்கு நேர் மேலே, இன்ஜினில் வழிந்திருந்த ஆயிலும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது...

"இன்னொண்ணு. இடிச்ச ஆள் வண்டியைப் பின்னாடி எடுத்துட்டு இறங்கியிருக்கான். சொட்டின ஆயிலை மிதிச்சுக்கிட்டே உங்க அப்பா தலைமாட்டுக்குப் போயிருக்கான். செருப்புத் தடம் அரைகுறையா இருக்கு. அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றார். நின்னு பார்த்துட்டுப் போயிருக்கான், படுபாவி."

"அப்புறம் பேசறேன் சார்."

ஊதா விளக்கில் பச்சையாக மின்னும் அந்தச் சாயத்தை ஆயிலில் ஊற்றியதே அவன்தான். அப்பா சாவதற்கு முந்தின நாள் அக்கா புருஷன் இதே வண்டியோடு வந்து, "எங்கேர்ந்து ஒழுகுதுன்னே தெரியல மாப்ள" என்றார். இன்ஜினைக் கழுவி, ஆயிலில் சாயம் கலந்து, "ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க மாமா. ஓட்டை எங்கே ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக் கொடுத்துடும்" என்று அனுப்பினான்.

காட்டிக் கொடுத்துவிட்டது.

இன்று மாமா அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "ஒழுகுற வண்டியையெல்லாம் போலீஸ் மடக்குது மாப்ள, சீக்கிரம் அடைச்சுக் குடு" என்றார். முன் கம்பி வளைந்திருந்ததற்குச் சுவரில் உரசிவிட்டதாகச் சொன்னார். துக்கத்தில் இருந்தவன் எதையும் யோசிக்கவில்லை. சாயத்தின் மினுமினுப்பு தெரிவதற்காக ஷட்டரை இறக்கிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. பச்சைக் கோடு ஆயில் ஃபில்டரின் விளிம்பில் தொடங்கியது. கழற்றினான். பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, எவனோ அதன் மேலேயே புது ஃபில்டரைத் திருகியிருந்தான். சுரண்டி எடுத்தான். துடைத்தான். வேறு ஃபில்டர் மாட்டி, ஆயில் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டான். ஒரு சொட்டு இல்லை. அப்பனைக் கொன்ற வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறோமே என்று அவனுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

இன்ஜினை அணைத்தான்.

"மாமா, அப்பாவை இடிச்சது இந்த வண்டி."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா அக்காவை ஒரு தரம் பார்த்தார்.

"நான்தான் மாப்ள... விடியற்காலை பனி. வளைவுல திடீர்னு குறுக்கே வந்துட்டார்."

"இறங்கினீங்களா?"

"இறங்கினேன். பார்த்தேன். பயத்துல வந்துட்டேன்."

அக்கா விம்மினாள். "மாமாவை உள்ளே தள்ளிடாதடா தம்பி."

இன்ஸ்பெக்டர் சொன்ன செருப்புத் தடம் மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தது. "செருப்பைக் கழட்டுங்க மாமா."

கழற்றினார். புரட்டிப் போட்டு விளக்கை அடித்தான்.

சுத்தமாக இருந்தது.

அக்கா சட்டென்று கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று கவிழ்ந்தது.

அதன் அடிப்பாகம் பச்சையாக மின்னியது...

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "விடு மாப்ள, நானே போறேன்."

"ஏன்க்கா? ஒரு ஆம்புலன்ஸைக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?"

அக்காவின் அழுகை நின்றிருந்தது.

"வண்டியை ஓட்டினதும் நான்தான்டா. ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் இறங்கினேன். போன் கையில இருந்துச்சு. எனக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து என்கூட ஒரு வார்த்தை பேசாத மனுஷன், அன்னிக்குக் கண்ணைத் தொறந்து பேசினார்."

"என்ன சொன்னார்?"

"'நீ போ. தம்பியை வரச் சொல்லு'ன்னார்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"போயிட்டேன்."

  அப்பா கடைசியாகக் கேட்டது தன்னைத்தான் என்று சந்தோஷப்படக்கூட மெக்கானிக்குக்கு வழியில்லாமல் போயிற்று.

அவனே போனை எடுத்தான்.

"வாங்க சார். வண்டி என் ஷெட்லதான் நிக்குது. இடிச்ச ஆளும், மறைச்ச ஆளும் இங்கேதான்."

"ஸ்டேஷனுக்குக் கொண்டு வரணுமே. வண்டி ஓடுமா?"

"ஜம்முனு ஓடும் சார், ஒரு சொட்டு ஒழுகாது. அதை ஓட்ட எனக்குக் கை வராது, எங்க வீட்டுல வேற ஆளும் மிச்சமில்ல!"