ஒருவழி வால்வு

காலை 6.40. சரிவு முடிகிற இடத்தில் பள்ளிக்கூட மதிலில் மோதி நின்றது அந்த வெளிர்நீலக் கார். ஒரு பக்க மட்கார்டு நசுங்கியிருந்தது. கியர் நியூட்ரலில் இருக்க, என்ஜின் மட்டும் எதுவுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் மார்பு மோதிக் கிடந்த பெரியவருக்கு உயிர் இல்லை. கால் பிரேக் பெடல் மேலேயே இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஷெட்டில் தூங்கிய காரை எழுப்பிவிட்ட மெக்கானிக், மேலே பெரியவர் வீட்டு வாசலிலிருந்து ஓடிவந்து பார்த்தான்.

காலை 9.15. காவல் நிலையம். வெளி பெஞ்சில் பெரியவரின் மகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெண் இன்ஸ்பெக்டர் பேச்சை வளர்க்கவில்லை.

"பிரேக்கைப் பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"என்ன கோளாறு?"

"ஓட்டாம கிடந்ததுல பூஸ்டர் ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு. என்ஜின் உறிஞ்சுற காத்தால மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கறது அதுதான். பெடல் கல்லு மாதிரி. புதுசு போட்டேன். நேத்து சாயங்காலம் ஐயாவையே மிதிக்கச் சொன்னேன். பக்கவாதம் வந்த கால் மேடம், அதுக்கே வண்டி பொசுக்குன்னு நின்னுச்சு."

"காலையில அங்க என்ன வேலை?"

"முதல் ஓட்டம், பார்க்க ஆசை. கேட்ல புதுசா ஒரு பூட்டு. ஐயாகிட்ட சாவி இல்ல. ஸ்பேனரால தாழ்ப்பாளையே கழட்டிக் கொடுத்தேன்."

"ஷெட் சாவி?"

"அவர்கிட்ட ஒண்ணு, பொண்ணுகிட்ட ஒண்ணு."

காரைச் சோதித்த போலீஸ் மெக்கானிக், என்ஜினை நிறுத்திவைத்துப் பெடலை மிதித்துப் பார்த்து, கசிவு இல்லை, பிரேக் பிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் கால் தூண் மாதிரி. எப்படியும் பழி தன் தலையில்தான் விழும் என்று இவன் முடிவே கட்டிவிட்டான்.

காலை 11.30. மதிலோரம்.

"என்ஜின் ஓடினா பூஸ்டர் வேலை செய்யணும்தானே? ஓட விட்டுக் காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாலு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தான். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் ஒரு விரல்கடை இறங்கியிருக்க வேண்டும். அசையவே இல்லை.

பானெட்டைத் திறந்தான். என்ஜினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவே கட்டைவிரல் அளவில் ஒருவழி வால்வு. அதன் அம்புக்குறி என்ஜினைப் பார்க்க வேண்டும். பூஸ்டரைப் பார்த்தது.

"யாரோ திருப்பி மாட்டியிருக்காங்க மேடம்! இப்படி மாட்டினா என்ஜின் உறிஞ்சுறது பூஸ்டருக்குப் போகாது. நல்ல கால் இருக்கறவன் சமாளிச்சிடுவான். ஐயாவால முடியாது."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

அவன் ஒளிக்காமல் சொன்னான். முந்தாநாள் டீ கொண்டுவந்த மகள் அது என்னவென்று கேட்டாள். வேலை தெரிந்தவன் என்ற பெருமையில் அம்புக்குறி முதற்கொண்டு விளக்கியது அவன்தான்.

மதியம் 12.10. பெரியவர் வீட்டு முற்றம்.

"வால்வைத் திருப்பினது நீங்கதாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் மகளிடம். "ஷெட் சாவியும் விவரமும் உங்ககிட்ட இருந்துச்சு. ஆனா எல்லாரும் பார்க்காம விட்டது கேட் பூட்டு. கொல்ல நினைச்சவங்க வழியைத் திறந்துல்ல வச்சிருப்பாங்க? நீங்க பூட்டு வாங்கிப் போட்டிருக்கீங்க. முற்றத்துக்குள்ளயே ஓட்டிப் பார்ப்பார், பெடல் கல்லா இருக்கும், பயந்து விட்டுடுவார்னு நினைச்சீங்க."

"வண்டி ஓட்டக் கால் வராதுன்னு டாக்டர் சொன்னாரு, நான் சொன்னேன், கேக்கவே இல்ல மேடம்." அவள் குரல் உடைந்தது. "பூட்டினேனே... நான் பூட்டினேனே..."

மெக்கானிக் நிமிரவில்லை. வால்வைத் திருப்பியது அவள், கேட்டைத் திறந்துவிட்டது அவன். இரண்டு பேருமே அந்த மனிதரின் நல்லதுக்குத்தான் செய்தார்கள். இனி அதை நினைத்து நினைத்து நோவதைத் தவிர அவனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

"உங்க மேல கேஸ் இல்ல. நீங்க போகலாம்" என்றார் இன்ஸ்பெக்டர் அவனிடம்.

ஜீப்பில் ஏறப்போன மகள் திரும்பினாள். "அண்ணே, கிளம்பும்போது அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

"'அவ எழுந்து தேடுறதுக்குள்ள வந்துடறேன்'னு சொன்னாரும்மா."

சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவன் நினைப்பதற்குள் சொல்லி முடித்திருந்தான்.