கடல்நீரில் நனைத்த பஞ்சு

"உதறிவுட்ட கை அது! எம் புருசன் கைய அலையில உதறிவுட்ட கை! அதுக்குப் போயி கரண்டு வச்சி உசுரு குடுக்கிறியா நீ?"

தெருவில் நின்று கத்தியவள் பூவாயி. உள்ளே கட்டிலில் கிடந்தவன் அவளுடைய அண்ணன் துரை. வாசலுக்கு வந்து பதில் கொடுத்தவள் துரையின் மனைவி வேண்டா.

"வாயக் கழுவுடி! உங்கூடப் பொறந்தவரு பத்து மாசமா கட்டையாட்டம் கெடக்கிறாரு. இன்னும் உன் ஆத்திரம் தீரலியா?"

"எப்டி அண்ணி தீரும்? எம் புருசன் எங்க கீறாருன்னு சொல்லச் சொல்லு, தீந்துடும்."

மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் அந்தக் குப்பத்தில் குழாய்த் தண்ணீர் காலையில் அரை மணி நேரம்தான். அன்றைக்கு நாலு குடம் நிரம்பி வழிந்தும் ஒருத்தியும் குழாயை மூடவில்லை. இப்படிப்பட்ட சண்டையை விட்டுவிட்டுக் குடத்தைப் பார்க்க அவர்களுக்கென்ன தலையெழுத்தா?

கதை ஊருக்கே தெரியும். துரையும் அவன் மச்சான், பூவாயியின் புருஷன் தீனதயாளனும் போன ஃபைபர் படகு, கரை சேரும் நேரத்தில் அலையில் கவிழ்ந்தது. துரை மணல்மேட்டில் தலைகுப்புற விழுந்து, கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் அடிபட்டு ஒதுங்கினான். தீனதயாளன் ஒதுங்கவேயில்லை. கேட்டவர்களிடமெல்லாம் துரை, "மச்சான் கைய நான் புடிக்கவேயில்ல" என்று சொன்னான். கேட்காதவர்களிடமும் சொன்னான், அதுதான் ஊருக்கு உறுத்தியது. உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பூவாயி நெற்றியில் குங்குமத்தோடே திரிந்தாள்.

துரைக்குத் தோளும் முழங்கையும் கொஞ்சம் அசையும். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஊசி குத்தினாலும் தெரியாது. செங்கல்பட்டில் பிசியோதெரபி பார்க்கும் ரூத், மூன்று மாதம் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மின்சார மிஷினைக் கொடுத்திருந்தாள். ஈரப் பஞ்சு வைத்த இரண்டு பட்டையை முன்கையில் கட்டிப் பொத்தானை அழுத்தினால் விரல்கள் மடங்கும். நாலு விநாடி மடங்கி, நாலு விநாடி விரியும். "மிஷின் இழுக்கறப்ப நீங்களும் மனசால இறுக்கிப் புடிங்கண்ணா" என்று ரூத் சொல்லியிருந்தாள்.

வேண்டா கேட்டதெல்லாம் ஒரே ஒரு விரல். மிஷினை அணைத்த பிறகு, அதுவாக அசையும் ஒரு விரல். அது வந்தால் ஸ்பூன் பிடிக்கலாம், சக்கர நாற்காலியைத் தள்ளலாம். மூன்றாவது மாதம் முடிய நாலு நாள்தான் பாக்கி. இன்னும் ஒன்றும் அசையவில்லை. அதற்குமேல் மிஷின் வேறு நோயாளிக்குப் போய்விடும்.

பஞ்சைக் குழாய்த் தண்ணீரில்தான் நனைக்க வேண்டும் என்றுதான் ரூத் சொன்னாள். ஆனால் ஐஸ் கம்பெனியில் ஈரக் காலோடு நின்று ஷாக் வாங்காத ஆள் அந்தக் குப்பத்தில் உண்டா? உப்புத் தண்ணீரில் கரண்டு துள்ளி ஓடும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். காலையில் வாங்கிய ஏச்சு வேறு வேண்டாவை முடுக்கியது. மத்தியானம் சொம்பை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

"இன்னா வேண்டா, கடல மொண்டுகினு போற?" என்றாள் கரையில் நின்ற ஒருத்தி.

"அவருக்குக் கால் கழுவ."

யாரும் நம்பவில்லை.

மூன்று மணி. தெரு மொத்தமும் தூங்கிக்கொண்டிருந்தது. வேண்டா பஞ்சைக் கடல்நீரில் முக்கி, வலக்கையில் கட்டி, பொத்தானை அழுத்தினாள். விரல்கள் மடங்கின.

விரியவில்லை.

அவள் மிஷினை அணைத்தாள். பட்டையைக் கழற்றினாள்.

கை மூடியே இருந்தது.

"வந்துடுச்சிய்யா! புடிக்கிற! நீயே புடிக்கிறய்யா!"

துரை தன் கையையே பார்த்தான். உதடு வெளுத்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலடி."

அப்போதுதான் வேண்டா சரியாகப் பார்த்தாள். விரல்கள் உள்ளங்கையைத் தொடவில்லை. நடுவில் இடைவெளி இருந்தது. ஓர் ஆம்பிளையின் மணிக்கட்டுக் கனத்துக்கு.

வீட்டுக்குள் அழுகின பாசி வாடை ஏறியது.

"ஜில்லுன்னு கீது" என்று துரை முனகினான். பத்து மாதத்தில் அந்தக் கையில் அவன் உணர்ந்த முதல் விஷயம் அது.

வேண்டா அந்த வெற்று இடைவெளிக்குள் விரலை விட்டாள். போகவில்லை.

ஈரமாக, கெட்டியாக, ஏதோ தடுத்தது.

"புடிச்சிருந்தேன்டி" என்றான் துரை. "ரெண்டு பேரும் முழுகிடுவோம்னு நான்தான் உதறினேன். அதுக்கப்புறம்தான் கழுத்து ஒடிஞ்சிது."

வேண்டா போட்ட கூச்சலுக்கு ஓடி வந்த பூவாயி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மெல்ல வந்து குனிந்து, அந்தக் கைக்குள் பார்த்தாள். உள்ளங்கைத் தோலில் ஒரு தடம் அழுந்திக்கொண்டிருந்தது. முறுக்கு முறுக்காக. தீனதயாளன் போட்டிருந்த முறுக்குச் செப்புக் காப்பு.

அவள் கத்தவில்லை. "வாங்க, போலாம்" என்று அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். பிடி இன்னும் இறுகியது. அன்று சாயங்காலமே பூவாயி கடலில் இறங்கித் தாலியைக் கழற்றிவிட்டாள்.

நாலு நாள் கழித்து ரூத் வந்து, அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்து, முடியாமல், வியர்த்து, மிஷினை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். ஸ்பூனைச் செருகக்கூட அந்தக் கையில் இடமில்லை.

அடுத்த வருஷம் பூவாயி கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பக்தவச்சலத்தைக் கட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு அண்ணனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவன் எப்படிப் போவது? கடல் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, வேண்டா அவனை ஊரப்பாக்கத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே அக்கம்பக்கம் அவளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கட்டிலின் கிழக்குப் பக்கக் கால்களுக்கு ஏன் இத்தனை பெரிய கருங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறாய்?

மேற்குச் சுவரை ஒட்டிப் போட்ட கட்டில் அது. இப்போது, கல்லையும் தள்ளிக்கொண்டு, கிழக்கு வாசற்படிக்கு இரண்டு முழத்தில் நிற்கிறது. துரையின் வலக்கை மட்டும் கட்டிலுக்கு வெளியே, கடல் இருக்கும் கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே சொட்டும் ஈரத்தை வேண்டா தினமும் துடைக்கிறாள். துடைத்த இடத்தில் உப்புப் பூக்கிறது.